மேல்நோக்கிப் பாய்தல்: ஏற்ற பயிற்சிகளைத் தெரிந்தெடுக்கும் முறை

உடற்பயிற்சி என்பது உடலை வருத்துவதன்று. உடலை அறிந்து வளர்ப்பது. இவ்வுண்மையை நன்கு விளக்கவல்ல திறன்களுள் ஒன்று நின்ற நிலையிலிருந்து மேல்நோக்கிப் பாய்தலாகும். கரப்பந்தாட்டத்தில் வலைக்கு மேலே பந்தை அறைவோனுக்கும், உதைபந்தாட்டத்தில் தலையால் முட்டுவோனுக்கும், கூடைப்பந்தாட்டம், வலைப்பந்தாட்டம், உயரம் பாய்தல் ஆகியவற்றில் ஈடுபடுவோர்க்கும் இத்திறன் இன்றியமையாதது. அரியாலையில் மாலை வேளையில் யாதேனும் ஒரு மைதானத்தின் ஓரத்தில் நின்று நோக்குவார் இதனை எளிதில் உணர்வர். பந்தை அறியும் கண்ணும் பந்தைத் தொடும் கையும் பலருக்கு உள. ஆயினும் வலைக்கு மேலே ஒரு சாண் உயர்ந்து நிற்பவன் ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிடுகின்றான்.

இத்திறனைப் பெருக்க விரும்பும் இளைஞர் பலர், கண்ட பயிற்சியையெல்லாம் கணக்கின்றிச் செய்து, ஓரிரு மாதங்களில் முழங்கால் நோவுடன் மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்துவிடுகின்றனர். குறை அவர்தம் ஊக்கத்திலன்று, பயிற்சியைத் தெரிந்தெடுத்த முறையிலேயே உளது. ஆதலின் எப்பயிற்சி எதன்பொருட்டு, யாருக்கு, எவ்வளவு என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணம் தந்த சான்று

பாய்தல் நமது மண்ணுக்குப் புதிய கலையன்று. பெரியவிளானிற் பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்கள், மாணவப் பருவத்திலேயே 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் உயரம் பாய்தலில் இலங்கையின் சார்பிற் பங்குபற்றினார். 1956 ஆம் ஆண்டு மெல்பேர்ண் போட்டியிலும் பாய்ந்தார். 1958 ஆம் ஆண்டு தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர், அஃதாவது 6 அடி 8 அங்குலம், தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கை பெற்ற முதலாவது தங்கப் பதக்கம் அதுவே. 1962 ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கமும் பெற்ற அப்பெரியார் 2024 ஆம் ஆண்டு இவ்வுலகை நீத்தார். அவர் எமது கல்லூரியின் மாணவரல்லர். ஆயினும் துடுப்பாட்டத்திலும் உதைபந்தாட்டத்திலும் நாம் எதிரெதிராய் நின்ற கல்லூரியொன்றின் மைந்தரைப் போற்றுவதும் விளையாட்டு நமக்குக் கற்பித்த பண்பன்றோ?

உயரம் பாய்தலும் நின்ற நிலையில் மேற்பாய்தலும் முற்றிலும் ஒன்றல்ல என்பதை இவ்விடத்துத் தெளிதல் நன்று. உயரம் பாய்வோன் ஓடிவந்து ஒரு காலால் உந்துகின்றான். கோலின் மேல் உடலை வளைத்துக் கடக்கும் நுட்பமும் அவனுக்குத் துணையாகின்றது. அன்றியும் நெடிய உடலினனுக்கு அவனது புவியீர்ப்பு மையமே இயல்பாக உயர்ந்து நிற்கும். நின்ற நிலைப் பாய்ச்சலிலோ ஓட்டமும் இல்லை; வளைவும் இல்லை. நிலத்தை எத்துணை வலிமையுடன், எத்துணை விரைவுடன் தள்ளுகின்றோம் என்பதொன்றே அதனை முடிவுசெய்கின்றது. அதனாலேயே உடலின் வெடிப்பாற்றலை அளக்கும் கருவியாக அதனைக் கொள்கின்றனர். அமெரிக்க உடற்கல்வி அறிஞர் டட்லி சார்ஜென்ட் 1921 ஆம் ஆண்டில் இதனை ஒரு சோதனையாக எடுத்துரைத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது.

அளந்தறிதல்

அளவு அறியாதவன் வளர்ச்சியை அறியான். அளத்தற்குச் செலவேதும் வேண்டியதில்லை. சுவரோரமாக நின்று குதிக்கால் நிலத்திற் படிய ஒரு கையை மேலே நீட்டித் தொடுமிடத்தைச் சுண்ணக்கட்டியாற் குறிக்க. பின்னர் விரல்நுனியிற் சுண்ணந் தடவி நின்றபடியே பாய்ந்து உச்சியிற் சுவரைத் தொடுக. இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரமே பாய்ச்சல். மும்முறை பாய்ந்து மிகக் கூடியதனை நாளுடன் எழுதி வைக்க. மாதத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், அதே தரையில், நன்கு இளைப்பாறிய நாளில் மீண்டும் அளக்க.

வானில் நிற்கும் நேரத்தைக் கொண்டும் இதனைக் கணிக்கலாம். நேரத்தைச் செக்கனிற் கொண்டு அதன் வர்க்கத்தை 9.81 ஆற் பெருக்கி 8 ஆல் வகுத்தால் மீற்றரில் உயரம் வரும். அரைச் செக்கன் வானில் நிற்பவன் ஏறத்தாழ 31 சென்ரிமீற்றர் பாய்ந்துள்ளான், 0.6 செக்கன் நிற்பவன் 44 சென்ரிமீற்றர் பாய்ந்துள்ளான். பத்திலொரு செக்கன் எத்துணை வேறுபாட்டை விளைக்கின்றது என்பதை நோக்குக.

ஆடவர் கரப்பந்தாட்ட வலையின் உயரம் 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். நின்றபடி 2.25 மீற்றர் எட்டும் மாணவனொருவன் 45 சென்ரிமீற்றர் பாய்வானாயின், அவன் கை வலைக்கு மேலே 27 சென்ரிமீற்றர் நிற்கும். பந்தின் குறுக்களவோ ஏறத்தாழ 21 சென்ரிமீற்றர். எனவே பாய்ச்சல் ஐந்து சென்ரிமீற்றர் மட்டும் கூடினும், பந்தின் மேற்புறத்தைப் பற்றிக் கீழ்நோக்கி அறைய அவனுக்குக் கிடைக்கும் இடைவெளி பெரிது.

பாய்ச்சலின் பொறிமுறை

பாயுமுன் நாம் முழங்காலையும் இடுப்பையும் மடக்கித் தாழ்கின்றோம்; பின்னர் அவற்றை நிமிர்த்தி நிலத்தைத் தள்ளுகின்றோம். தள்ளுந் தூரம் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். 60 கிலோகிராம் நிறையுள்ள மாணவன் 45 சென்ரிமீற்றர் பாய வேண்டுமாயின், அவன் தள்ளும் சராசரி விசை 127.5 கிலோகிராம் நிறைக்குச் சமனாதல் வேண்டும். அதில் 60 அவனது சொந்த நிறையைத் தாங்கவே செலவாகின்றது, எஞ்சிய 67.5 மட்டுமே அவனை உயர்த்துகின்றது. அவன் 50 சென்ரிமீற்றர் பாய வேண்டுமாயின் அவ்விசை 135 ஆக உயர்தல் வேண்டும். அஃதாவது விசை நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால், பாய்ச்சல் நூற்றுக்குப் பதினொரு பங்கு கூடுகின்றது. உடலில் வேண்டாத கொழுப்பு மூன்று கிலோகிராம் குறைந்து வலிமை குன்றாதிருப்பினும் ஏறத்தாழ அதே பயன் விளையும். இதன்பொருட்டு வளரும் பிள்ளைகள் பட்டினி கிடத்தல் பெருந்தவறு. வலிமையும் உடன் குன்றுமாதலின் அதனாற் பயனேதும் இல்லை.

வலிமை ஒன்றே போதுமோ எனின், போதாது. மேற்கூறிய தள்ளுதல் முழுவதும் கால் செக்கனுக்குச் சற்றே மேற்பட்ட நேரத்தில் முடிந்துவிடுகின்றது. தசை தன் முழு வலிமையையும் வெளிப்படுத்த அதனினும் கூடிய நேரம் வேண்டும். ஆதலின் பெரும்பாரத்தை மெல்ல எழுப்ப வல்லவன் உயரப் பாய்வான் என்பது உறுதியன்று. உள்ள வலிமையை விரைந்து வெளியிடவும் பழகல் வேண்டும்.

மூன்றாவது கூறு மீள்விசை. தாழ்ந்து உடனே எழும்போது தொடைத் தசைகளும் குதிநாணும் இழுபட்டுச் சுருங்குகின்றன. இழுபட்ட நாண் வில்லின் நாண்போல ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகின்றது. தாழ்ந்த நிலையில் இரண்டு மூன்று செக்கன் தங்கிப் பின்னர் பாய்ந்தால் அவ்வாற்றல் வீணாகிப் பாய்ச்சல் குறைவதைக் காணலாம். நான்காவது கூறு கைவீச்சு. கைகளைப் பின்னிருந்து முன்மேலாக விசையுடன் வீசினால் உடல் நிலத்தைவிட்டு நீங்கும் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடும். பயிற்சி ஒன்றுமின்றி, முறையான கைவீச்சினால் மட்டும் முதல் நாளிலேயே சில சென்ரிமீற்றர் பெற்றோர் பலர்.

தன்னை அறிந்து தெரிதல்

வலிமை, விரைவு, மீள்விசை, கைவீச்சு ஆகிய இந்நான்கனுள் தனக்குக் குறைந்தது எது என அறிந்து அதற்கேற்ற பயிற்சியைத் தெரிந்தெடுத்தலே அறிவுடைமை. அதற்கு மூன்று பாய்ச்சல்களை ஒப்பிடுக. முதலாவது, இடுப்பிற் கைவைத்து, தாழ்ந்து மூன்று செக்கன் தங்கிப் பாய்தல். இரண்டாவது, இடுப்பிற் கைவைத்துத் தாழ்ந்து உடனே பாய்தல். மூன்றாவது, 30 சென்ரிமீற்றர் உயரமுள்ள படியிலிருந்து இறங்கி, நிலந் தொட்டவுடன் பாய்தல். கைகள் இடுப்பில் இருப்பதால் இவற்றைச் சுவரிற் குறிக்க இயலாது. நண்பனொருவன் கைத்தொலைபேசியில் மெதுவோட்டப் படமாக எடுத்து, கால் நிலத்தைவிட்டு நீங்கி மீண்டும் தொடும்வரையுள்ள நேரத்தை எண்ணி, முன்னர்க் கூறிய கணக்கின்படி உயரம் காணலாம்.

இரண்டாவது முதலாவதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கேனும் கூடாதிருப்பின், அவன் வலிமையுள்ளவன், ஆயின் மீள்விசையைப் பயன்படுத்த அறியாதவன். அவனுக்குத் துள்ளற் பயிற்சிகளே மருந்து. இரண்டும் தாழ்ந்திருந்து, ஒற்றைக் காலில் அமர்ந்தெழவும் தடுமாறுவானாயின், அவனுக்கு முதலில் வேண்டுவது வலிமை. மூன்றாவது இரண்டாவதைவிடக் குறைவாயின், அவன் உயரத்திலிருந்து குதித்துப் பாயும் பயிற்சிக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை என்பது பொருள்.

வலிமைப் பயிற்சிகள்

இவற்றுள் தலையாயது அமர்ந்தெழுதல். பிள்ளையார் சந்நிதியில் நாம் இடும் தோப்புக்கரணம் இதன் எளிய வடிவமே. தொடங்குவோர்க்கு அது நன்று. ஆயினும் நூறும் இருநூறுமாகத் தோப்புக்கரணம் இடுதல் களைப்பைத் தாங்கும் ஆற்றலை வளர்க்குமேயன்றிப் பாய்ச்சலை உயர்த்தாது. இருபது முறை எளிதிற் செய்ய முடிந்தவுடன் எண்ணிக்கையைக் கூட்டாது பாரத்தைக் கூட்டுக. தோளில் மணல் நிரப்பிய பையோ, முறையறிந்த ஆசிரியரின் மேற்பார்வையிற் பாரம் பூட்டிய இரும்புக் கோலோ தாங்கி, ஐந்து முதல் எட்டு முறை, மூன்று அல்லது நான்கு தொகுதிகள் செய்க. ஒவ்வொரு தொகுதிக்குமிடையே இரண்டு மூன்று நிமிடம் இளைப்பாறுக.

இதனுடன் ஒற்றைக் காலால் உயரப் படியேறுதல், ஒரு காலை முன்வைத்துத் தாழ்தல், இடுப்பின் பின்புறத் தசைகளுக்காகப் பாரத்தை நிலத்திலிருந்து முதுகு வளையாது தூக்குதல், படி விளிம்பில் நின்று குதிக்காலை உயர்த்துதல் ஆகியவற்றைச் சேர்த்தாற் போதும். குதிக்காலுயர்த்தும் பயிற்சியையே பலர் முதன்மையாகக் கொள்கின்றனர். அது துணைப் பயிற்சியேயாகும். பாய்ச்சலின் பெரும்பங்கு இடுப்பு, தொடை ஆகியவற்றிலிருந்தே பிறக்கின்றது.

முற்காலத்திற் பாரந் தூக்குதல் விளையாட்டு வீரனின் உடலை இறுக்கிவிடும் என அஞ்சினர். சோவியத்து வீரர் வலேரி புருமெல் கடும் பாரப் பயிற்சியுடன் உயர்ந்து, 1963 ஆம் ஆண்டில் 2.28 மீற்றர் தாண்டி உலக சாதனை நாட்டியபின் அவ்வச்சம் நீங்கலாயிற்று.

துள்ளற் பயிற்சிகள்

மீள்விசையை வளர்க்கும் துள்ளற் பயிற்சிகளை முறைப்படுத்தியோருள் மொஸ்கோவைச் சேர்ந்த யூரி வெர்கோஷான்ஸ்கி முதன்மையானவர். உயரத்திலிருந்து இறங்கி உடனே பாயும் முறையை 1960 களில் ஆராய்ந்து எழுதியவர் அவரே. அமெரிக்கப் பயிற்றுநர் பிரெட் வில்ட் 1975 ஆம் ஆண்டில் இவ்வகைப் பயிற்சிகளுக்குப் பிளையோமெற்றிக்ஸ் என்னும் பெயரை வழங்கினார்.

இவற்றை எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாகக் கொள்க. முதற்படி கயிறடித்தலும், முழங்காலை அதிகம் மடக்காது கணுக்காலால் துள்ளுதலும். இரண்டாம்படி நின்று முழு விசையுடன் பாய்தல், தாழ்ந்த பெட்டியொன்றின் மேற் பாய்ந்தேறுதல். மூன்றாம்படி சிறு தடைகளைத் தொடர்ந்து தாண்டுதல், ஒற்றைக் காற்பாய்ச்சல். நான்காம்படியே இறங்கிப் பாய்தல். அதற்கு 30 சென்ரிமீற்றரில் தொடங்குக. வன்மை பெற்றோரும் 60 சென்ரிமீற்றரைக் கடத்தல் வேண்டா. உயரமான பெட்டியிலிருந்து குதித்து, நிலத்திற் பொத்தென வீழ்ந்து, தங்கிப் பாய்வதனால் முழங்கால் தேய்வதன்றிப் பயனில்லை.

ஒவ்வொரு பாய்ச்சலும் முழு விசையுடையதாதல் வேண்டும். களைத்தபின் பாயும் பாய்ச்சல் களைப்புடன் பாயவே உடலுக்குக் கற்பிக்கும். தொடங்குவோர் ஒரு நாளில் நிலத்தைத் தொடும் தடவைகள் எண்பது முதல் நூறு வரை இருத்தல் போதும். வாரத்துக்கு இரண்டு நாள்கள் செய்க. இடையே 48 மணி முதல் 72 மணி நேரம்வரை ஓய்வு விடுக.

நிலமும் தரையிறங்கலும்

அரியாலையின் கிழக்குப்புறம் மணற்பாங்கானது. மணல் நமக்கு இயற்கை தந்த பயிற்சிக்கூடம் எனலாம். மணலில் இறங்கும்போது தாக்கம் குறையும், தசைநோவும் குறையும். ஆனால் நாணிற் சேர்ந்த ஆற்றலை மணல் விழுங்கிவிடும். ஆதலின் பருவத் தொடக்கத்திலும், நோவிலிருந்து மீள்வோர்க்கும் மணல் நன்று. போட்டி நெருங்கும்போது புற்றரையே நன்று. சீமெந்துத் தரையிலும் தார் வீதியிலும் துள்ளற் பயிற்சி செய்தல் ஆகாது.

பாய்வதற்கு முன்னர்த் தரையிறங்கக் கற்றல் வேண்டும். முன்பாதம் முதலிற் பட்டு, முழங்காலும் இடுப்பும் மடிந்து, ஓசையின்றி இறங்குவதே முறை. முழங்கால்கள் உள்நோக்கிச் சாயாது பாதத்துக்கு நேரே நிற்றல் வேண்டும். முழங்கால் இணையம் அறுதல் ஆடவரினும் பெண்களிடையே மிகுதியாதலின், மாணவிகளுக்குப் பயிற்சியளிப்போர் இதனை முதற்பாடமாகக் கொள்வாராக.

கரப்பந்தாட்ட வீரரிடையே முழந்தாட்சிலின் கீழுள்ள நாண் நோதல் பொதுவான நோய். வளரும் பருவத்தினர்க்கு அதற்குங் கீழே முன்காலெலும்பின் மேல்முனை வீங்கி நோவதும் உண்டு. இரண்டும் மிகைப் பயிற்சியால் வருவன. நோவைப் பொறுத்துக்கொண்டு பாய்வதை வீரம் என எண்ணற்க. பாய்ச்சல்களைக் குறைத்து மருத்துவரை நாடுக. எம்மவருள் எத்துணையோ நல்லாட்டக்காரர் இருபது வயதுக்குள்ளேயே மைதானத்தை நீங்கியமைக்கு இந்நோவே காரணம்.

பன்னிரண்டு வாரத் திட்டம்

முதல் நான்கு வாரங்கள் வலிமைக்கு உரியன. அமர்ந்தெழுதல், படியேறுதல், குதிக்காலுயர்த்துதல் ஆகியவற்றுடன் கயிறடித்தலும் தரையிறங்கற் பயிற்சியும் மட்டும் கொள்க. அடுத்த நான்கு வாரங்களிற் பாரத்தைச் சிறிது கூட்டி, முழு விசைப் பாய்ச்சலையும் பெட்டியேறலையும் சேர்க்க. இறுதி நான்கு வாரங்களில் வலிமைப் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, தடை தாண்டலையும், ஆயத்தமானோர் மட்டும் இறங்கிப் பாய்தலையும் கொள்க. கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் குறைத்து இளைப்பாறிப் பின் அளக்க. கரப்பந்தாட்டம் ஆடுவோர் ஆட்டத்திற் பாயும் பாய்ச்சல்களையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

பயிற்சிக்கு முன்னர்ப் பத்து நிமிடம் மெல்லோட்டமும் கைகால் வீச்சும் செய்து உடலைச் சூடேற்றுக. தசையை நெடுநேரம் இழுத்துப் பிடித்து நிற்பது பாய்ச்சலைச் சற்றே குறைக்குமாதலின் அதனைப் பயிற்சியின் இறுதியில் வைத்துக்கொள்க. கணுக்காலிற் பாரங் கட்டிப் பாய்தல், நெடுந்தூரம் ஓடுதல், விளம்பரங்கள் விதந்துரைக்கும் விசேட சப்பாத்துகள் ஆகியன இந்நோக்கத்துக்கு உதவா.

உணவும் உறக்கமும் பயிற்சியின் மறுபாதி. சோற்றுடன் மீன், முட்டை, பருப்பு, பயறு, கௌபி என்பன நாள்தோறும் இருத்தல் வேண்டும். பாடசாலை முடிந்து தனியார் வகுப்பு, அது முடிந்து மற்றொரு வகுப்பு என இரவு வரை ஓடும் மாணவர்க்கு உறக்கமே அரிதாகின்றது. உறங்காத உடலில் எப்பயிற்சியும் வேரூன்றாது என்பதைப் பெற்றோர் உணர்வாராக.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர், துள்ளற் பயிற்சியினாற் பாய்ச்சல் சராசரியாக நூற்றுக்கு 5 முதல் 9 பங்கு வரை உயர்வதாகக் கண்டனர். 45 சென்ரிமீற்றர் பாய்வோனுக்கு அது இரண்டு முதல் நான்கு சென்ரிமீற்றராகும். வலிமைப் பயிற்சியும் கூடுமாயின், புதிதாகத் தொடங்குவோன் இன்னுஞ் சற்று மிகுதியாகப் பெறலாம். ஒரு மாதத்தில் ஓரடி உயர்த்துவோம் என உரைப்பாரின் சொல்லை நம்பற்க. ஆயினும் ஆண்டுதோறும் மூன்று நான்கு சென்ரிமீற்றர் சேர்ப்பவன், ஆறாண்டுப் பாடசாலை வாழ்வின் இறுதியில் உடல் வளர்ச்சியும் துணைசெய்ய எங்கு நிற்பான் என்பதை எண்ணிப் பார்க்க.

பழைய மாணவராகிய மூத்தோர்க்கும் இதில் ஒரு பாடம் உளது. வயது ஏற ஏறத் தசையின் வலிமையினும் விரைந்து குறைவது அதன் வெடிப்பாற்றலே. கால் இடறும்போது உடலைத் தாங்கிக்கொள்வது அவ்வாற்றலேயாதலின், அது குன்றினால் விழுகை மிகும். அறுபதைக் கடந்தோர் பாய வேண்டியதில்லை. கதிரையிலிருந்து கையூன்றாது விரைந்தெழுந்து மெல்ல அமர்தலைப் பத்து முறையும், சுவரைப் பிடித்துக் குதிக்காலுயர்த்துதலைப் பத்து முறையும் வாரத்தில் மூன்று நாள் செய்தால் அதுவே அவர்க்குப் பாய்ச்சற் பயிற்சி.

நவீன கருவிகளும் மெத்தைகளும் இல்லையே என எம் மாணவர் வருந்துதல் வேண்டா. சுவரொன்று, சுண்ணக்கட்டியொன்று, படியொன்று, கயிறொன்று, மணற்பையொன்று, இவற்றுடன் அளவறிந்த ஆசிரியர் ஒருவரும் பொறுமையும் இருப்பின் போதும். எமது கல்லூரியின் உடற்கல்விப் பகுதி, ஆண்டின் முதல் தவணையில் ஒவ்வொரு மாணவனதும் பாய்ச்சலை அளந்து ஏட்டிற் பதிந்து, அவன் கல்லூரியை நீங்கும்வரை அதனைப் பேணுமாயின், திறனுடையோர் இளமையிலேயே இனங்காணப்படுவர். மிகைப் பயிற்சியால் முழங்கால் கெடுவோரும் குறைவர். அவ்வேட்டைத் தொடங்குதற்கு வேண்டும் சிறு செலவைப் பழைய மாணவர் சங்கம் ஏற்குமாயின், இவ்விழா ஆண்டின் நற்பணிகளுள் அதுவும் ஒன்றாகும்.